தேத்தண்ணி ஆறும் விதம்: மலையகத்தின் அழுகையும் ஆறுதலும்

(அட்டனில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். பேச்சின் நடுவே வந்த கிளைக்கதைகள் குறைக்கப்பட்டுள்ளன. அவையை நோக்கிச் சொன்னவை அப்படியே விடப்பட்டுள்ளன.)



கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் எல்லோருக்கும் தேத்தண்ணி வந்தது. மூன்றாம் வரிசையில் ஒரு பாட்டி, பக்கத்தில் இருந்த பேரனுக்காக அதை ஆற்றினார். ஒரு கோப்பையில் இருந்ததைக் கை உயர்த்தி இன்னொன்றில் ஊற்றினார். அதிலிருந்து மறுபடி இதில். ஐந்தாறு தடவை. நுரை எழும்பியது, ஆவி அடங்கியது. விரல் நுனியை வைத்துப் பார்த்துவிட்டுப் பேரன் கையில் கொடுத்தார். இன்று இங்கே பேசவிருப்பதில் பாதியை அந்தப் பாட்டி பேசாமலே செய்து முடித்துவிட்டார்.

தமிழில் சூடும் ஆறும், புண்ணும் ஆறும், கோபமும் ஆறும், மனமும் ஆறும். நான்குக்கும் ஒரே வினைச்சொல். துக்க வீட்டில் சொல்வது ஆறுதல். தாங்க மாட்டாமல் தவிப்பது ஆற்றாமை. துயரத்தைத் தமிழ் பேசுவோர் அறிவின் கணக்கில் எழுதவில்லை, வெப்பத்தின் கணக்கில் எழுதி வைத்தார்கள். தானாக ஆறுவது ஒன்று, ஒருவர் ஆற்றுவது இன்னொன்று என்ற வேறுபாடும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆற்றுவதற்கு இரண்டாவது பாத்திரம் ஒன்று தேவை.

இந்த உரை சொல்ல வருவது இதுதான்: பெருந்துயர் பட்டவருக்கு அது ஏன் நேர்ந்தது என்ற விளக்கம் கிடைத்துவிட்டால் மனம் ஆறிவிடாது. துயரம் உடம்பின் வழியாக, பிறர் முன்னால், ஒரு வடிவத்துக்குள் நின்று உணரப்பட வேண்டும். விளக்கம் அதற்குப் பின்னால் வரலாம், வராமலும் போகலாம். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் மலையக மக்களிடம் அந்த வடிவங்கள் இருந்தன. அவை உடைந்த இடங்களில்தான் காயம் புரையோடி நின்றது. சில படிகளாக இதைப் பார்ப்போம். படிகள் ஒரே உயரத்தில் இருக்காது; தோட்டத்துப் படிக்கட்டில் ஏறிப் பழகியவர்களுக்கு அது சிரமமாக இராது.

1. தெரிந்திருந்தும் ஆறாதது

பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகில் இருக்கிறது மீரியபெத்தை. நம் மாகாணத்துக்கு வெளியே என்றாலும் அதே மலை, தொழிலாளர் வரிசை வீடான அதே லயம், அதே கொழுந்துக் கூடை. 2014 அக்டோபர் 29 காலையில் அங்கே மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது லயத்து அறையான காம்பராவும் இல்லை, காம்பராவில் இருந்தவர்களும் இல்லை. புதையுண்டவர்களில் பலருடைய உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

ஏன் நடந்தது என்று கேட்டால் பதில் உண்டு. அடைமழை, செங்குத்தான சரிவு, நீர் ஊறிப் போன மண். அதற்கும் மேலே ஒரு பதில்: அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆகவே மீரியபெத்தையில் 'புரியாதது' என்று ஒன்றும் இல்லை. நிபுணருக்கும் தெரியும், நிர்வாகத்துக்கும் தெரியும், லயத்தில் இருந்தவர்களுக்கும் ஓரளவு தெரியும்.

தெரிந்ததால் யாருக்கு மனம் ஆறியது? மலை சரிந்த எந்த இடத்திலும் தப்பியவர்களுக்குள் இந்த அறிவு வேறு வேலை செய்கிறது. "தெரிஞ்சிருந்தும் போகலையே", "முதல் நாளே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்று அது குற்றச்சாட்டாகத் திரும்புகிறது. குற்றவாளிக் கூண்டில் தானே ஏறி நின்றுகொள்கிறவருக்குக் காரண காரியம் சொல்லிக் கொடுப்பது, மேலும் ஒரு சாட்சியை அழைத்து வருவதுபோல.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் மலைகள் மறுபடி சரிந்தன. மண்ணியல் அறிவு உயிர் காக்கும். அடுத்த லயத்தை எங்கே கட்டக் கூடாது என்று சொல்லும். அதில் இரண்டு பேச்சு இல்லை. போன உயிருக்காக அழ வேண்டியவரிடம் அந்த அறிவை மருந்தாக நீட்டுவதுதான் தவறு.

2. மெய்யில் படுவது

தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு காலைப் பொழுதைக் கழித்தவர்களுக்குத் தெரியும். புருஷனை இழந்து மூன்று மாதமான பெண் அங்கே வந்து "கவலையா இருக்கு" என்று சொல்வதில்லை. "நெஞ்சு அடைக்குதுங்க ஐயா", "தலை இடி நிக்கல", "கையும் காலும் அசதி". வலி மாத்திரை இரண்டு வாங்கிக்கொண்டு மலைக்குத் திரும்புவாள். படித்தவர்கள் இதை அறியாமை என்று நினைக்கிறார்கள்: மனநோயை உடல்நோய் என்று தப்பாகச் சொல்கிறாளாம். அவள் தப்பாகச் சொல்லவில்லை. எங்கே இருக்கிறதோ அங்கே கை வைத்துக் காட்டுகிறாள்.

தொல்காப்பியர் இதற்கு ஓர் இயலையே ஒதுக்கியிருக்கிறார். உணர்ச்சிக்கு அவர் தந்த பெயர் மெய்ப்பாடு. மெய்யில் படுவது, அதாவது உடம்பில் தோன்றுவது. நகை தொடங்கி உவகை ஈறாக எட்டு. இரண்டாவதாக நிற்கும் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்றால் இழிவுபடுத்தப்படுதல். இழவு என்றால் இழத்தல். அசைவு என்றால் இருந்த நிலையிலிருந்து தாழ்தல். வறுமைக்கு உரை வேண்டாம். ஊர் விட்டு ஊர் வந்து, 'கூலி' என்ற பட்டப்பெயர் சுமந்து, 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட ஒரு சமூகத்தின் வரலாற்றை இந்த நான்கு சொல்லுக்குள் எழுதி முடித்துவிடலாம்.

உணர்ச்சியின் இந்த இடத்தை மேற்கே கண்டுகொள்ளச் சுற்றுவழியாக வர வேண்டியிருந்தது. 1895இல் பிராய்டும் புரோயரும் சேர்ந்து வெளியிட்ட ஹிஸ்டீரியா பற்றிய நூலிலேயே ஒரு குறிப்பு உண்டு: நோயாளி பழைய நிகழ்ச்சியை உணர்ச்சி இல்லாமல் வெறுமனே நினைவுகூர்ந்தால் அநேகமாகப் பயன் விளைவதில்லை. அதன் பிறகும் ஒரு நூற்றாண்டாக உளசிகிச்சை பெரும்பாலும் பேச்சாகவும் விளக்கமாகவுமே வளர்ந்தது. 1990களின் நடுவில் பாஸ்டனில் பெசல் வான் டெர் கோக் உள்ளிட்டோர், கொடுமைகளுக்கு ஆளான சிலரிடம் அவர்களுடைய அனுபவத்தையே வாசித்துக்காட்டி மூளையைப் படம் பிடித்தார்கள். எட்டே பேர், சிறிய ஆய்வு. ஆனால் கிடைத்த படம் மறக்க முடியாதது. அச்சத்தோடு தொடர்புடைய பகுதிகள் கனன்றன. பேச்சுக்குரிய பகுதி மங்கியது. வாயடைத்துப் போனான் என்று நாம் சொல்வது உவமை இல்லை போலிருக்கிறது.

இன்னொரு ஆய்வு நம் பேச்சுக்கு மேலும் நெருக்கமானது. 1986இல் வெளிவந்தது, செய்தவர்கள் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும். கல்லூரி மாணவர்களை நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். சிலர் சாதாரண விஷயங்களை எழுதினார்கள். சிலர் தம் வாழ்வின் கொடிய நிகழ்ச்சியைத் தகவலாக மட்டும் எழுதினார்கள். சிலர் தகவலோடு அப்போது பட்ட உணர்ச்சியையும் எழுதினார்கள். அடுத்த ஆறு மாதத்தில் வைத்தியரிடம் போவது குறைவாக இருந்தது இந்தக் கடைசிக் குழுவுக்குத்தான். வெறும் தகவல் எழுதியவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. நீதிமன்ற வாக்குமூலம்போலத் தன் துயரை ஒப்புவிப்பவர் ஏன் இலேசாவதில்லை என்பது இதிலிருந்து கொஞ்சம் தெரிகிறது.

அந்த மாணவர்கள் தனியறையில் உட்கார்ந்து எழுதினார்கள். மலையகத்தில் தனியறை ஏது? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர். இங்கே வேறு ஏற்பாடு இருந்தது.

3. இழவு வீடு

முதலில் தப்பு என்ற பறையின் சத்தம் கேட்கும். எந்த டிவிசனில், எந்த லயத்தில் என்று காது பிடித்துவிடும். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கை நிறுத்தி ஒருவரையொருவர் பார்ப்பார்கள்.

பின்னேரம் அடுத்த தோட்டத்திலிருந்து உறவுக்காரிகள் வருவார்கள். பாதை வளைவு வரைக்கும் சாதாரணமாகப் பேசிக்கொண்டுதான் வருவார்கள். பஸ் கூட்டம், மழை, பிள்ளையின் பரீட்சை. லயம் கண்ணில் பட்டதும் முந்தானையை இழுத்துச் செருகி, கொண்டையை அவிழ்த்து விடுவாள் ஒருத்தி. அடுத்த அடியில் குரல் எழும்பும். இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், இருக்கும் பெண்கள் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொள்வார்கள். தோளில் கை போட்டு, தலையோடு தலை முட்டி, வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி தொடங்கும். ஒருத்தி அடி எடுத்துக் கொடுப்பாள். மற்றவர்கள் இழுவையில் சேர்ந்துகொள்வார்கள். உடம்புகள் ஒரே தாளத்தில் முன்னும் பின்னும் ஆடும்.

கால் மணி நேரம் இருக்கும். பிறகு அது தணியும். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பஸ்ஸுலயா வந்தீங்க? ஏதும் குடிச்சீங்களா?" என்று வீட்டுக்காரியே கேட்பாள். வெற்றிலைத் தட்டு நகரும். அடுத்த கூட்டம் வளைவில் தெரியும்போது மறுபடி எழுவார்கள்.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது வேஷம் மாதிரித் தோன்றும். வெள்ளைக்காரத் துரைமார் அப்படி எண்ணியதில் வியப்பில்லை. நம் பட்டணத்துப் பிள்ளைகளும் இப்போது அப்படித்தான் எண்ணுகிறார்கள். "சொன்னவுடனே அழறாங்க, சொன்னவுடனே நிறுத்துறாங்க." அந்த நிறுத்தம்தான் இதன் நுட்பம். அச்சம் உடம்பில் தேங்குவதைப் பற்றி எழுதிய அமெரிக்கர் பீட்டர் லெவின், காயத்தைக் கொஞ்சம் தொட்டு, விலகி, இளைப்பாறி, மறுபடி தொட வேண்டும் என்கிறார். ஒரேயடியாக உள்ளே குதித்தால் மூழ்கிவிடும். இழவு வீட்டில் அதற்குக் கடிகாரம் வேண்டியதில்லை. வருகிற கூட்டத்தின் இடைவெளியே அளவு.

இன்னும் ஒன்று. ஒப்பாரி வைக்கிறவள் செத்தவருக்காக மட்டும் அழுவதில்லை. அடி எடுக்கும் முறை வந்தவுடன் போன வருஷம் போன தன் தாயை அழுவாள், கடனை அழுவாள், குடிகாரப் புருஷனை அழுவாள், கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டு அரைநாள் கூலியாக்கியதை அழுவாள். மற்ற நாளில் வாய் திறந்தால் சண்டையாகிவிடும் விஷயங்கள் அங்கே பாட்டாகிவிடும், யாரும் கோபிக்கவும் முடியாது. யாரும் அவளுக்குப் பதில் சொல்வதில்லை, புத்தி சொல்வதில்லை, காரணம் விளக்குவதில்லை. ஏற்றுப் பாடுகிறார்கள். அவ்வளவுதான். பாட்டி கையில் இருந்த இரண்டாவது கோப்பை இதுவே.

மடக்கும்புரையில் பிறந்து, 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினராகி, கவிஞராகவும் வாழ்ந்த சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்துத் தந்தார். அவருக்கு இந்தச் சமூகம் பட்ட கடன் பெரிது. ஆனால் தாளில் ஏறியது சொல் மட்டும். தோளில் கிடந்த கை ஏறவில்லை.

ஒரு குறையையும் இங்கே மறைக்கக் கூடாது. அந்தத் தப்பை அடித்தவர்கள் மேல் சாதி இழிவு சுமத்தப்பட்டது. இழவுக்கு அடிக்க அவர்கள் வேண்டும், பந்தியில் அவர்கள் வேண்டாம். இளைஞர்கள் சிலர் தப்பைக் கையால் தொட மாட்டேன் என்று விட்டது நியாயமான கோபம். வேறு சிலர் அதையே மேடையில் ஏற்றி எங்கள் கலை என்று அடிப்பதும் நியாயமான கோபம்தான். ஆற்றும் வடிவம் என்பதற்காக அதற்குள் இருந்த அநியாயத்தைப் புனிதமாக்க வேண்டியதில்லை.

4. ஆண்கள் எங்கே அழுவார்கள்?

ஒப்பாரி பெண்களுடையது. ஆண்கள் பாடை கட்டுவார்கள், குழி வெட்டுவார்கள், வெளியில் நின்று பீடி பிடிப்பார்கள். இருட்டினால் சாராயம். மலையகத்தில் குடியைப் பற்றிப் பேசுகிறவர்கள் கூலி, கடன், ஓய்வில்லாத வேலை என்று காரணங்களை அடுக்குகிறார்கள். எல்லாம் சரி. அழுவதற்கு வடிவம் இல்லாதவன் குடிக்கிறான் என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துப் பார்க்கலாம்.

ஆனால் வருஷத்தில் ஒரு காலம் ஆணுக்கும் இடம் இருந்தது. காமன் கூத்து. மாசி அமாவாசை கழிந்து பிறை தெரிந்ததும் கம்பம் நடுவார்கள். காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். இரவுகளில் மன்மதனும் ரதியும் வேஷம் கட்டி ஆடுவார்கள். பௌர்ணமியை ஒட்டிய இரவில் தகனம். தோட்டத்துக்குத் தோட்டம் நாளும் முறையும் கொஞ்சம் மாறும். கதை எல்லோருக்கும் தெரிந்தது. சிவனுடைய தவத்தைக் கலைக்கப் போகிறான் காமன். போக வேண்டாம் என்று ரதி தடுக்கிறாள். கெட்ட கனவு கண்டதைச் சொல்கிறாள். அவன் போகிறான், எரிகிறான்.

கதை தெரிந்திருப்பது இங்கே கவனிக்க வேண்டியது. காமன் சாகப் போகிறான் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். புதிதாகப் 'புரிந்துகொள்ள' எதுவும் இல்லை. ஆகவே விடிய விடிய விழித்திருப்பது அறிவதற்காக அல்ல.

ரதி வேஷம் கட்டுகிறவர் ஆண். பகலில் கவ்வாத்து வெட்டுகிறவராக இருப்பார், அல்லது ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிறவராக. அவர் சேலை கட்டி, மையிட்டு, புருஷனைப் பறிகொடுத்தவளாக மண்ணில் விழுந்து புலம்பும்போது கம்பத்தைச் சுற்றி நிற்கும் ஆண்கள் கண்ணைத் துடைக்கிறார்கள். யாரும் யாரையும் கேலி செய்வதில்லை. பகலில் அழுதால் "பொம்பளையாடா நீ" என்று கேட்பார்கள். இங்கே ஓர் ஆண் பெண்ணாகவே ஆகி எல்லா ஆண்களுக்கும் சேர்த்து அழுகிறான். இதைவிடச் சாமர்த்தியமான ஏற்பாட்டை எந்த மருத்துவமனையாவது யோசித்திருக்குமா தெரியவில்லை.

முடிவு இன்னும் நுட்பம். ரதியின் அழுகைக்கு இரங்கிச் சிவன் காமனை எழுப்பித் தருகிறார். ஆனால் அவன் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். செத்தவன் உலகத்துக்குத் திரும்புவதில்லை. அழுது முடித்தவளுக்குள் திரும்புகிறான். பிள்ளையைப் பறிகொடுத்த எந்தத் தாயிடம் கேட்டாலும் இது எப்படிப்பட்ட திரும்புதல் என்று சொல்வாள்.

5. வடிவம் உடைந்தபோது

1964 அக்டோபர் 30 அன்று இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றவர்களாக இருந்த 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். அந்த மீதியை 1974இல் சரிபாதியாகப் பங்கு போட்டார்கள். யாருக்கு எந்தப் பக்கம் என்று விண்ணப்பப் படிவம் தீர்மானித்தது. அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை.

மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் போன கோச்சிக்கு, அதாவது ரயிலுக்கு, மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. எழுத்தாளர் மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு அதையே தலைப்பாக்கினார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேடையில் நிற்பவர்களும் உள்ளே இருப்பவர்களும் செத்த வீட்டுப் பாட்டையே பாடினார்கள். உயிரோடிருப்பவர்களுக்கு ஒப்பாரி. மக்கள் தம்மிடம் இருந்த வடிவத்தைப் புதிய துயரத்துக்கு எடுத்து வந்தார்கள். அது போதவில்லை. இழவு வீட்டில் அழுகைக்குப் பிறகு தேத்தண்ணி உண்டு, எட்டாம் நாள் சடங்கு உண்டு, கருமாதி உண்டு. கோச்சி புறப்பட்ட பிறகு மேடையில் நின்றவர்களுக்கு என்ன உண்டு? அடுத்த நாள் வேலைக்கு ஆள் பதியும் பிரட்டு.

தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினவர்கள் எங்கெங்கோ சிதறினார்கள். நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போனவர்களில் பலர் தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டங்களில் மறுபடி கூடை கட்டினார்கள். கட்டிப் பிடித்து அழ வேண்டிய தோள்கள் இரண்டு நாடுகளில் இருந்தன. கடிதம் போகும், ஒப்பாரி கடிதத்தில் போகாது.

பிறகு 1977, 1981, 1983. தமிழர்களுக்கு எதிரான கலவரங்களில் தோட்டங்களும் எரிந்தன. ஆயிரக்கணக்கானவர்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஓடினார்கள். 1983இல் மானிடவியலாளர் இ. வாலண்டைன் டேனியல், தோட்டத்துத் தமிழ்ப் பெண்களின் நாட்டார் பாடல்களைத் தொகுக்கும் திட்டத்தோடு அமெரிக்காவிலிருந்து இலங்கை வந்தார். இலங்கையில் பிறந்தவர்தான். வந்து சேர்ந்தது ஜூலைக் கலவரம் நடந்து முடிந்த சூட்டில். பாட்டைத் தேடி வந்தவருக்குக் கிடைத்தது வன்முறையின் கதைகள். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1996இல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அச்சகம் அவருடைய நூலை வெளியிட்டது. தலைப்பைத் தமிழில் சொன்னால், கருகிய தாலாட்டுகள்.

பாட்டு நின்ற இடம் அது. துயரம் குறைந்து பாட்டு நிற்கவில்லை. துயரம் பாட்டைத் தாண்டிப் போனதால் நின்றது. எரிந்த வீட்டின் முன் யார் யாருக்கு அடி எடுத்துக் கொடுப்பது? அடுத்த லயத்தில் இருப்பவர் தோள் கொடுப்பாரா, தீ வைப்பாரா என்ற சந்தேகம் வந்த பிறகு வட்டம் கூடாது.

6. அழச் சொல்லி அடிப்பது

இவ்வளவு கேட்ட பிறகு ஓர் ஆபத்து உண்டு. 'உணர்ந்தால் ஆறும்' என்று கேட்டவுடன் அகப்பட்டவரையெல்லாம் உட்கார வைத்து உணரச் சொல்லும் உற்சாகம் சிலருக்கு வந்துவிடும். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இந்தத் தீவுக்கு வெளிநாட்டு ஆலோசகர்கள் அலை அலையாக வந்ததை ஈதன் வாட்டர்ஸ் என்ற பத்திரிகையாளர் 2010இல் வெளியான தம் நூலில் ஒரு முழு அத்தியாயமாக எழுதினார். நடந்ததை உடனே கொட்டித் தீர்க்கச் சொல்லும் ஒருநாள் அமர்வுகள் பிற்கால மனப் பாதிப்பைத் தடுப்பதில்லை என்று 2002இலேயே கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காட்டியிருந்தது. கேள்வி கேட்டு அழ வைப்பது வேறு, அழ இடம் விடுவது வேறு. ஒப்பாரிக்காரி யாரையும் விசாரிப்பதில்லை.

இடம் விடுவது எப்படி என்பதற்கு உதாரணம் கிழக்கே கிடைத்தது. 1996இல் மட்டக்களப்பில் யேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். போரில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே வந்து களிமண் பிசைந்தார்கள், வரைந்தார்கள், கதை கட்டி ஆடினார்கள். அதே மட்டக்களப்பில், 1990களில், காணாமல் போன மகனைத் தேடும் தாய்மார் காளி கோயிலில் தெய்வமாடும் பெண்களிடம் போனதைப் பட்ரீசியா லோரன்ஸ் என்ற மானிடவியலாளர் பதிவு செய்தார். வாக்குச் சொல்லும் பெண், காணாமல் போனவன் பட்ட வேதனையைத் தன் உடம்பில் ஏற்றுக் காட்டுவாள். செய்தி உண்மையா பொய்யா என்று ஆராய்வது பொலிஸ் வேலை. மகனின் வலிக்கு ஓர் உடம்பு கிடைத்தது. அதைத் தாய் தொட்டு அழ முடிந்தது.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 'வடுப்பட்ட மனங்கள்' என்று பொருள்படும் நூலை 1998இலும், 'வடுப்பட்ட சமூகங்கள்' என்று பொருள்படும் நூலை 2014இலும் ஆங்கிலத்தில் எழுதினார். மனங்களிலிருந்து சமூகங்களுக்கு அவர் நகர்ந்த அந்தப் பதினாறு ஆண்டுகள் நமக்குப் பாடம். காயம் தனி ஆளுக்குப் பட்டதல்ல, ஊருக்குப் பட்டது. ஆகவே சடங்கும் கூத்தும் ஒப்பாரியும் மருத்துவத்துக்கு வெளியே நிற்பவை அல்ல என்பது அவருடைய வாதம்.

அழுதால் காணியுரிமை வந்துவிடுமா என்று யாராவது கேட்பார்கள், கேட்க வேண்டும். வராது. வீடும் நிலமும் கூலியும் அரசியலால் தீர வேண்டியவை. ஆனால் 2023ஐ நினைத்துப் பாருங்கள். மலையக மக்கள் வந்து 200 ஆண்டு என்பதை ஒட்டி, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது ஒரு நடைபயணம். காப்பிக் காலத்தில் முன்னோர் நடந்து, வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்து செத்த பாதை. அவர்கள் எப்படி வந்தார்கள் என்று புத்தகத்தில் படித்தே தெரிந்துகொண்டிருக்கலாம், ஆவணங்கள் உண்டு. அந்தச் சூட்டில் கால் கொப்பளிக்க நடக்க வேண்டிய அவசியம் என்ன? நடந்தவர்கள் கையில் கோரிக்கைகளும் இருந்தன. உரிமைக் கேட்பும் துக்கம் அனுசரித்தலும் ஒரே காலடியில் நடந்தன.

கடைசியாக, இங்கே வந்திருக்கும் அதிபர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மாசியில் உங்கள் பாடசாலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் எங்காவது கம்பம் நட்டால், பிள்ளைகளைக் கூத்துப் பார்க்க விடுங்கள். 'மலையகக் கலைகள்' என்று ஒப்படை எழுதி வாங்கி மதிப்பெண் போடுவது போதாது. எங்கள் பிள்ளைகளுக்குக் காமன் கூத்து எத்தனை நாள் நடக்கும், எத்தனை பாத்திரம் என்று எழுதத் தெரிகிறது. ரதி விழும்போது எந்தப் பக்கம் விழுவார் என்று தெரியாது. இரவு முழுக்க விழித்திருந்துவிட்டு, சாம்பல் மணக்கும் சட்டையோடு மறுநாள் எட்டு மணிக்கு வந்து மேசையில் தலை வைத்துத் தூங்குவார்கள். எழுப்ப வேண்டாம். வரவுப் பதிவேட்டில் வந்ததாகவே போட்டுவிடுங்கள்.